குடும்ப வழக்குக்கு வக்கீல் தேடுமுன்: அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று பாருங்கள்

நம் குமரி மாவட்டத்தில் குடும்பப் பிரச்சினை கோர்ட் வரை போகும் என்று தெரிந்ததும் வீட்டார் பெரும்பாலும் தெரிந்த வக்கீலிடம்தான் ஓடுகிறார்கள். அவர் அப்பாவுக்கு நிலத் தகராறு நடத்திக் கொடுத்தவராக இருப்பார், அல்லது மாமாவின் கூட்டாளியாக இருப்பார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் யாரோ கார்டு நீட்டினார்கள் என்று அந்த வழியில் போகிறவர்களும் உண்டு. நில வழக்கில் கெட்டிக்காரர் ஒருவர் குடும்ப வழக்கிலும் அப்படியே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

நாகர்கோவிலில் குடும்ப வழக்குகள் நடத்தி வருகிறேன். ஆனால் என் பெயரும் போன் நம்பரும் இந்தக் கட்டுரையில் வராது. வக்கீல் தனக்குத் தானே விளம்பரம் செய்யக் கூடாது என்பது, வக்கீல்களின் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 36-ஆம் விதி. "விரைவில் விவாகரத்து, உடனே அழைக்கவும்" என்று போனில் வரும் விளம்பரத்தைப் பார்த்தால், அங்கேயே ஒரு விதி மீறப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீசுக்கு வரும் அம்மாக்கள் பலர் உட்கார்ந்ததும் சொல்வது, "சாரே, எம் பிள்ளைக்கு ஒரு விடுதலை வாங்கித் தரணும்." பக்கத்தில் இருக்கும் மகளிடம் பேச்சுக் கொடுத்தால், அவருக்கு இப்போது வேண்டியது குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு மாதம் ஒரு தொகை; மாமியார் வீட்டு பீரோவில் கிடக்கும் நகை. இதற்கு விவாகரத்து மனு தேவையே இல்லை. நல்ல குடும்ப வக்கீல் இதைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வார். கல்யாணம் எந்த முறைப்படி, எந்த ஊரில் நடந்தது? இரண்டு பேரும் கடைசியாக எங்கே சேர்ந்து இருந்தீர்கள்? இன்றைக்கு உங்களுக்கு எது அவசரம்? இவற்றையெல்லாம் கேட்காமல் "கவலைப்படாதீங்க, கேஸ் போட்டிருவோம்" என்கிறவரிடம் கொஞ்சம் யோசித்துப் பணம் கொடுங்கள்.

ஏன் இந்தக் கேள்விகள் முக்கியம்? 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 சதவீதம், இந்துக்கள் 49 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வீட்டுக்கு இரண்டு சட்டம். இந்துத் திருமணம் என்றால் 1955-ஆம் ஆண்டுச் சட்டம். கணவன் மனைவி இருவரும் சம்மதித்துப் பிரிய ஓராண்டு தனியே இருந்திருந்தால் போதும். அதன்பின் வரும் 6 மாதக் காத்திருப்பையும் தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. கிறிஸ்தவத் திருமணம் என்றால் 1869-ஆம் ஆண்டுச் சட்டம். சம்மதத்தின் பேரில் பிரியும் வழியே 2001 திருத்தத்தில்தான் அதில் வந்தது. தனியே இருந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டப்பிரிவில் எழுதியிருக்கும் காலம் 2 ஆண்டு.

எந்த ஊர்க் கோர்ட் என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. இந்து மனைவி தான் இப்போது வசிக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே மனு போடலாம்; 2003-இல் வந்த வசதி அது. கிறிஸ்தவ மனைவிக்கு அது இல்லை. கல்யாணம் நடந்த இடம், இருவரும் வசிக்கும் இடம் அல்லது கடைசியாகச் சேர்ந்து வசித்த இடம், இவைதான் கணக்கு. மார்த்தாண்டத்துப் பெண் திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கேயே கல்யாணமும் குடித்தனமும் நடந்து, இப்போது தாய்வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார் என்று வையுங்கள். விவாகரத்துக்கு அவர் எல்லை தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் ஜீவனாம்சமும் குடும்ப வன்முறை மனுவும் இங்கேயே போடலாம். இதை முதல் நாளே சொல்லாத வக்கீலிடம் மனு போட்டு, அதிகார வரம்பு இல்லை என்று அது திரும்பி வந்தால் ஓராண்டு சும்மா போகும்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னொரு குழப்பம். மறைமாவட்டத் தீர்ப்பாயம் திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது, அதனால் இனி கோர்ட் எதற்கு என்று நினைக்கிறார்கள். சபையின் தீர்ப்பு சபைக்குள் மட்டும்தான். சட்டத்தின் கண்ணில் அந்தத் திருமணம் அப்படியே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார வழக்கு வரலாம். அதே போல, கோர்ட் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் போனால் மறுமணத்துக்கு ஓலை (கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க மாட்டார். இரண்டும் தனித்தனி வேலை.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் விடுதலைப் பத்திரமும் இந்த ரகம்தான். நோட்டரி முத்திரை குத்தினாலும் அது விவாகரத்து ஆகாது. சாதி வழக்கப்படியான விலக்கை இந்துத் திருமணச் சட்டம் ஏற்கிறது என்பது உண்மை, ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அது லேசான காரியம் இல்லை.

சரி, ஆளை எப்படிச் சோதிப்பது? தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் பதிவு எண்ணும் ஆண்டும் ஒவ்வொரு வக்கீலுக்கும் உண்டு. கேட்டால் கோபப்படக் கூடாது. இ-கோர்ட்ஸ் செயலியில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் எந்தக் கோர்ட்டில் என்ன மாதிரி வழக்குகளில் ஆஜராகிறார் என்று ஓரளவு தெரியும். குறுக்கு விசாரணையை அவரே செய்வாரா, ஜூனியரை அனுப்புவாரா என்றும் கேளுங்கள். ஜூனியர் வருவது தப்பில்லை, அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இன்னொன்று. குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உங்கள் உரிமை கிடையாது. 1984 சட்டப்படி நீதிபதி அனுமதித்தால்தான். நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடுகிறது. ஆனால் கவுன்சலரிடமும் நீதிபதியிடமும் நீங்களே வாய் திறந்து பேச வேண்டிய நேரம் கண்டிப்பாக வரும். அதற்கு உங்களைத் தயார் செய்யாமல், வாய்தா தேதியை மட்டும் குமாஸ்தா மூலம் சொல்லி அனுப்புகிற ஆபீஸ் உங்களுக்குச் சரிப்படாது.

கணவர் வளைகுடாவில் இருக்கும் வழக்குகள் இங்கே ஏராளம். "அவருக்கு அங்கே வேலையே இல்லை" என்பதுதான் வழக்கமான பதில். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி, ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். விசா நகல், பழைய பண அனுப்புகை ரசீதுகள், வங்கிப் புத்தகம், இவற்றைக் கொண்டு வரச் சொல்கிற வக்கீலுக்கு வேலை தெரியும். முஸ்லிம் பெண்கள் கவனத்துக்கு: விவாகரத்தான பின்பும் பொதுச் சட்டத்தின்படி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் உறுதி செய்தது.

கையில் காசு இல்லாதவர்கள் நாகர்கோவில் கோர்ட் வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100-க்கு போன் செய்யலாம். பெண்களுக்கு வருமானச் சான்றே தேவையில்லை. பெண் என்பதே தகுதி. கோர்ட் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இலவச வக்கீல் என்றால் மட்டம் என்று முகம் சுளிப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். காசு வாங்குகிறவர்களில் இருப்பது போலவே அவர்களிலும் நல்லவர்கள் உண்டு, சோம்பேறிகளும் உண்டு. சரியில்லை என்றால் ஆளை மாற்றித் தரச் சொல்லி ஆணைக்குழுவிடமே மனு கொடுக்கலாம்.

அடி உதை என்றால் வக்கீலைத் தேடிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால் அவரே அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். தாய்வீட்டில் தற்காலிகமாக இருந்தாலும் அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனு செல்லும். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், நடப்பில் இழுக்கிறது. ஆகவே இடைக்கால உத்தரவை மனுவோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

கட்டணம் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். மனு, இடைக்கால மனு, சாட்சி விசாரணை எல்லாம் சேர்த்தா, தனித்தனியா என்று கேட்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். "ஜீவனாம்சம் வந்தால் இத்தனை சதவீதம்", "நகை மீண்டால் இத்தனை பவுன்" என்று பேரம் பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். அசல் ஆவணங்களை விசாரணைக்கு வேண்டியபோது கொண்டு வருகிறேன் என்று சொல்லி நகலை மட்டும் கொடுங்கள்.

வக்கீலை மாற்ற வேண்டி வந்தால், பீஸ் பாக்கி என்று சொல்லி அவர் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது; 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் அது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். புதியவர் வக்காலத்து போடப் பழையவரின் சம்மதம் கேட்பது வழக்கம். மறுத்தால் கோர்ட்டின் அனுமதியோடு போடலாம். வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்ப் பயனில்லை. நடத்தை குறித்த புகார் சென்னையிலுள்ள பார் கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும். அங்கே ரசீதும், வாய்தா தேதிகளும், அவருக்கு நீங்கள் அனுப்பிய செய்திகளும் கேட்பார்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருப்பவர்கள் அங்கே திணறுவதில்லை.