வயிற்றோட்டத்தின் பின் சோரும் கால்கள்

வன்னியில் பல வீட்டுக் குசினிகளில், கோழி வெட்டிய பலகையில் தண்ணீரை ஊற்றி அலம்பிவிட்டு, அதிலேயே சம்பலுக்கு வெங்காயம் அரிவார்கள். கோழியின் குடலில் இயல்பாகவே வாழும் கம்பைலோபக்டர் என்னும் பக்டீரியா அந்த வெங்காயத்தோடு நம் வயிற்றுக்குள் போனால், பெரும்பாலானோருக்குச் சில நாள் வயிற்றோட்டத்தோடு முடிந்துவிடும். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும், வயிறு தேறி ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் கால்கள் சோர்ந்து, அந்தச் சோர்வு மேலேறிக் கைகளையும் சிலவேளை மூச்சுத் தசைகளையும் பிடித்துவிடும். 1916இல் பிரெஞ்சு மருத்துவர் மூவர் விவரித்த கிலன்-பாரே நோய் இதுவே.

இந்தப் பக்டீரியாவின் மேலுறையிலுள்ள சீனிச் சங்கிலி, நம் நரம்பின் மேற்பரப்பிலுள்ள ஜீ.எம்.1 என்னும் கொழுப்புச் சேர்வையை அச்சொட்டாக ஒத்திருக்கிறது. கிருமியை அழிக்க உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகள், கிருமி ஒழிந்த பின்னரும் குருதியில் சுற்றித் திரிந்து, அதே சாயலுள்ள நரம்பைத் தாக்குகின்றன. ஆகவே அந்நேரத்தில் கிருமிகொல்லி மருந்து நரம்பைக் காப்பாற்றாது. ஸ்டீரொய்ட் மாத்திரையும் உதவாது. குருதியின் திரவப் பகுதியான திரவவிழையத்தை மாற்றுவது, அல்லது கொடையாளரின் பிறபொருளெதிரிகளை நாளத்தினூடாக ஏற்றுவது, இவ்விரண்டுமே பயனுள்ள சிகிச்சைகள். அவையும் முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் நன்கு பலிக்கும். கால் சோர்ந்து வருபவர், முன்பு வயிற்றோட்டம் இருந்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

உடலின் நோயெதிர்ப்பே மூளையையும் முண்ணாணையும் தாக்கும் மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், குடல் பக்டீரியாக்களுள் இவ்வாறு ஒற்றைக் குற்றவாளியைக் காட்ட முடியவில்லை. ஆனால், அந்நோய் தானாகவே தோன்றும்படி உருவாக்கிய எலிகளைக் கிருமியே இல்லாத கூட்டில் வளர்த்தபோது அவற்றுக்கு நோய் வரவில்லை என்று 2011இலும், ஒரே கருவில் உருவான இரட்டையரில் நோயுற்றவரின் குடல் பக்டீரியாக்கள் எலிகளில் நோயைக் கூடுதலாகத் தூண்டின என்று 2017இலும் காட்டினார்கள். குடற்சுவரை ஒட்டி ஏராளமான நோயெதிர்ப்புக் கலங்கள் இருப்பதால் இது வியப்பன்று.

அங்குள்ள நல்ல பக்டீரியாக்கள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்து புரொப்பியோனிக் அமிலம் போன்றவற்றைத் தருகின்றன. இந்த அமிலங்கள், நோயெதிர்ப்பின் தாக்குதலை அடக்கும் ரீ கலங்கள் என்னும் வெண்குருதிக் கலங்களைப் பெருக்குகின்றன. குரக்கன் பிட்டிலும், ஆறி ஊறிய பழஞ்சோற்றிலும் அந்தப் பக்டீரியாக்களுக்கான தீனி உண்டு. 2020இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் புரொப்பியோனிக் அமிலத்தையே வழமையான மருந்தோடு சேர்த்து மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளருக்குக் கொடுத்தபோது, இரண்டே வாரங்களில் அடக்கும் கலங்கள் கூடின. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆயினும் வழமையான மருந்தை நிறுத்திவிட்டுக் பிட்டையும் பழஞ்சோற்றையும் நம்பியிருக்க இது ஆதாரமாகாது.