கருக்கலைப்பு: கலைவதும் கலைப்பதும்

பாதுகாப்பான கருக்கலைப்புக்கான உலக நாளான செப்டம்பர் 28 நெருங்கினால் இளையோர் குழுக்களின் துண்டறிக்கைகள் வெளிவரத் தொடங்கிவிடும். கூடவே ‘பாதுகாப்பான கருச்சிதைவு நமது உரிமை’ என்ற வரியும் வந்துவிடும். எழுதியவர்களின் நோக்கத்தில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் கருச்சிதைவு என்பது ஒரு பெண்ணுக்கு நேர்ந்துவிடுவது. அவள் தெரிவு செய்வதன்று. நேர்ந்துவிடும் இழப்பை உரிமையாகக் கோருவதாகப் படிக்கும்படி ஒரு முழக்கம் அமைந்துவிட்டால், அதை எழுதியவர் சொல்ல வந்தது ஒன்று, வாசிப்பவர் காதில் விழுவது வேறொன்று.

ஆங்கிலத்தில் ‘அபார்ஷன்’ எனப்படுவதைத் தமிழில் கருச்சிதைவு என்பதா, கருக்கலைப்பு என்பதா என்பதே கேள்வி. முதலில் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கில ‘அபார்ஷன்’ லத்தீன் வழி வந்தது. ‘ஓரிரி’ என்றால் எழுதல், உதித்தல். அதன் முன் விலகலைக் குறிக்கும் ‘அப்’ சேர, உதிக்காமல் போதல் என்ற பொருள் கிடைத்தது. தமிழில் ‘கரு’ முளையையும் உள்ளீட்டையும் குறிக்கும்; முட்டைக்கரு, கதைக்கரு எல்லாம் அந்த வழியில் வந்தவையே. ‘கலை’ என்பது கூடியிருந்தது பிரிதல். கூட்டம் கலைந்தது, கூட்டத்தைக் கலைத்தார்கள் என்று நாள்தோறும் சொல்கிறோம்.

விடை அந்த இரண்டு எடுத்துக்காட்டுகளிலேயே இருக்கிறது. கலைந்தது என்பது தன்வினை, கலைத்தார்கள் என்பது பிறவினை. இவற்றிலிருந்து பிறக்கும் பெயர்ச்சொற்களும் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றுகின்றன: தானாக நிகழ்ந்தால் கலைவு, ஒருவர் செய்தால் கலைப்பு. ஆட்குறைவு என்றால் வேலைக்குப் போதிய ஆள் இல்லை என்று பொருள், ஆட்குறைப்பு என்றால் நிர்வாகம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்று பொருள். இரண்டையும் மாற்றி எழுதும் செய்தியாளரை எந்த ஆசிரியரும் விட்டுவைக்க மாட்டார். அழிவு, அழிப்பு; விலைக்குறைவு, விலைக்குறைப்பு என்று வரிசை நீளும். சிதைதலிலிருந்து வருவது சிதைவு, சிதைத்தலிலிருந்து வருவது சிதைப்பு. ஆகவே கருச்சிதைவு என்பது, இலக்கணப்படியே, தானாகக் கரு சிதைந்துபோனதைத்தான் குறிக்கும். ஆங்கிலம் ‘அபார்ஷன்’ என்ற ஒரே சொல்லுக்கு முன்னால் அடைமொழி சேர்த்துப் பிரித்துக்காட்ட வேண்டிய இடத்தில், தமிழ் ஒரு விகுதியால் பிரித்துவிடுகிறது. அந்த வசதியை நாமே தூக்கி எறிகிறோம்.

‘கருச்சிதைவு’ என்ற சொல்லுக்காக வாதாடுபவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டிருக்கிறேன். முதலாவது, அது சட்டத்தில் உள்ள சொல் என்பது. இதில் பாதி உண்மை உண்டு. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, கருவை வேண்டுமென்றே கலைப்பதைக் குற்றமாக்கியபோது ‘அபார்ஷன்’ என்ற சொல்லைக் கையாளவில்லை. கரு தானாகச் சிதைவதைக் குறிக்கும் ‘மிஸ்கேரேஜ்’ என்ற சொல்லை எடுத்து, ‘மிஸ்கேரேஜ்’ விளைவித்தல் என்றே எழுதியது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303-ஆம் பிரிவும் அதே நடையில் அமைந்தது. அதைக் ‘கருச்சிதைவு விளைவித்தல்’ என்று தமிழாக்கினால் பிழையே இல்லை, ஏனெனில் செய்தவரைச் சுட்டும் வேலையை ‘விளைவித்தல்’ பார்த்துக்கொள்கிறது. அந்தச் சொல்லை உதிர்த்துவிட்டுக் கருச்சிதைவை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. தவிரவும், இச்செயலைக் குற்றப் பட்டியலில் வைத்த சட்டத்தின் சொல்லையே, அதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள் என்று கோரும் இளையோர் தேடிப்பிடித்துச் சூடிக்கொள்வது எனக்கு விளங்கவே இல்லை.

இரண்டாவது காரணம், கலைப்பு பேச்சுவழக்காக ஒலிக்கிறது, சிதைவு மென்மையாகவும் மதிப்பாகவும் இருக்கிறது என்பது. சிதைவில் எங்கே மென்மை? சிதைந்த கட்டடம், சிதைந்த உடல் என்று வரும் சொல் அது. பிணம் எரிக்கும் சிதை வேறு மூலத்துச் சொல்தான் என்றாலும் காதுக்கு அந்த வேறுபாடு தெரியாது. பேச்சுவழக்கு என்பதோ குறையே அல்ல. ‘கலைஞ்சிடுச்சு’ என்று ஒரு பெண் சொன்னால் அது தானாக நேர்ந்தது என்பதும், ‘கலைச்சுட்டேன்’ என்றால் அவள் முடிவு என்பதும் கேட்பவருக்கு அக்கணமே விளங்குகிறது. எழுத்துத் தமிழ் அதைவிட மங்கலாக இருப்பது பெருமையா?

மருத்துவக் குறிப்புகளில் இந்தக் குழப்பம் வெறும் சொற்சண்டையாக நிற்பதில்லை. மகப்பேற்று மருத்துவர்கள் ஒரு பெண்ணின் கர்ப்ப வரலாற்றைச் சுருக்கி எழுதும்போது ‘அபார்ஷன்’ என்பதன் முதலெழுத்தான ‘ஏ’யில் தானாகக் கலைந்ததையும் கலைத்ததையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். அந்தக் கட்டத்தை அப்படியே தமிழாக்கி ‘முந்தைய கருச்சிதைவுகள்’ என்று படிவத்தில் அச்சிட்டால், கலைத்துக்கொண்டவர் ‘இல்லை’ என்று எழுதுவார். ‘கருக்கலைப்புகள்’ என்று அச்சிட்டால், கருவை இழந்தவர் புண்பட்டுத் தலை நிமிர்வார். ‘கரு கலைந்ததுண்டா, கலைத்ததுண்டா’ என்று இரண்டு கேள்வியாகக் கேட்பதே வழி. இதே மயக்கத்தில், தொடக்க மாதங்களில் இரத்தப்போக்கு ஏற்பட்டுக் கரு கலையும் அபாயம் இருப்பதைக் குறிக்கும் ‘த்ரெட்டன்டு அபார்ஷன்’ என்பதை ‘அச்சுறுத்தப்பட்ட கருக்கலைப்பு’ என்று பெயர்த்தால், யார் யாரை மிரட்டினார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு நோயாளியை மூடிவைப்பவர்கள் செய்யும் வேலை இது.

‘கருக்கொலை’, ‘சிசுக்கொலை’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிசு பிறந்த குழந்தை, கொலை தீர்ப்பு. ஒரு செயலுக்குப் பெயரிடும் இடத்தில் தீர்ப்பை நுழைப்பவர் மொழிபெயர்ப்பாளர் அல்லர்.

‘பாதுகாப்பான’ என்ற அடைமொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிலர் அதைச் ‘சட்டபூர்வமான’ என்று எழுதிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை சட்டத்தைப் பற்றியதே அல்ல: நிறுவனம் பரிந்துரைக்கும் முறையில், கர்ப்பத்தின் வாரங்களுக்கு ஏற்ப, தேவையான திறன் உள்ளவரால் செய்யப்படுவதே பாதுகாப்பான கருக்கலைப்பு. சட்டம் அனுமதித்தும் பாதுகாப்பற்றதாக அமையலாம்; தடுத்த இடத்திலும் முறையாக நடக்கலாம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தீங்கைச் செய்வது ஒரு கோரிக்கைக்காகக் குரல் கொடுப்பதைக் குறிக்கும் ஆங்கில ‘அட்வகசி’க்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் போடும் ‘பரிந்துரை’. மருத்துவர் மருந்தைப் பரிந்துரைக்கிறார். அப்படியானால் ‘கருக்கலைப்புக்கான இளைஞர் பரிந்துரை’ என்றால் என்ன? கருவைக் கலைத்துக்கொள்ளுங்கள் என்று இளைஞர்கள் ஊருக்கு அறிவுரை சொல்கிறார்கள் என்றாகிறது. எதிர்ப்பாளர்கள் சுமத்தும் பழியையே இவர்கள் பதாகையில் எழுதிப் பிடிக்கிறார்கள். அர்ஜென்டினாவில் பச்சைக் கைக்குட்டையுடன் இளம்பெண்கள் திரண்டு, 2020 டிசம்பர் 30 அன்று கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்தை வென்றெடுத்த இயக்கத்தின் முழக்கத்தைப் பாருங்கள்: முடிவெடுக்கப் பாலியல் கல்வி, கலைக்க நேராதிருக்கக் கருத்தடை, சாகாதிருக்கச் சட்டபூர்வக் கருக்கலைப்பு. கலைப்பைப் பரிந்துரைப்பவர்கள் இரண்டாம் பகுதியை ஏன் எழுதப்போகிறார்கள்?

‘அட்வகசி’க்குச் சிலர் போடும் ‘வக்காலத்து’ இன்னும் மோசம். ‘அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்’ என்ற ஏளனம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். ‘இளைஞர்’ என்பதும் பலர் மனத்தில் ஆண்களையே நிறுத்துவதால், இந்த இடத்தில் ‘இளையோர்’ பொருந்தும். ஆங்கில ‘ஆக்சஸ்’ஐ அப்படியே பெயர்த்த ‘கருக்கலைப்பு அணுகல்’ என்ற பெயர்ச்சொல் மூட்டையையும் அவிழ்த்துவிடலாம்: பாதுகாப்பான கருக்கலைப்பு தேவைப்படுவோர்க்குக் கிடைக்க வேண்டும் என இளையோர் வலியுறுத்துகிறார்கள். சட்டம் இயற்றுவோரையும் மருத்துவமனைகளையும் நோக்கிச் சொல்வதற்கு ‘வலியுறுத்தல்’ போதும். மக்களிடம் செய்தியைக் கொண்டு செல்வதற்கு ‘விழிப்புணர்வுப் பரப்புரை’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. இரண்டும் வேறு வேலைகள் என்பதால் இரண்டு சொற்களும் வேண்டும்.