‘வாழ்க்கைத் துண்டு’ அன்று, அன்றாட நாற்கட்டம்

ஜப்பானியப் படக்கதைகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடம், பெரிய நிகழ்ச்சி எதுவும் இன்றி அன்றாட வாழ்க்கையையே சொல்லும் வகைக்கு ‘வாழ்க்கைத் துண்டு மங்கா’ என்றொரு தொடர் நிலைத்துவிட்டது. அனிமே அறிமுகங்களில் வருகிறது, துணைத்தலைப்புகளில் வருகிறது, தானியங்கி மொழிபெயர்ப்பு ‘வாழ்க்கையின் துண்டு’ என்று துப்ப, அதை அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். நான்கு படங்களில் முடியும் கதையாக இருந்தால் ‘நான்கு சட்டக வாழ்க்கைத் துண்டு நகைச்சுவை’ என்று இன்னும் நீள்கிறது. இவ்வகையை முன்பே அறிந்தவர் உள்ளுக்குள் ‘ஸ்லைஸ் ஆஃப் லைஃப்’ என்ற ஆங்கிலத் தொடரை மீட்டெடுத்துப் புரிந்துகொள்வார். அறியாதவருக்கு அது எதையும் சொல்லாது. புதியவருக்கு வழி காட்டாத கலைச்சொல்லால் யாருக்குப் பயன்?

இத்தனைக்கும் ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர்கள் மிக எளியவை. வடிவத்துக்கு ‘யொன்கொமா’, உள்ளடக்கத்துக்கு ‘நிச்சிஜோ-கெய்’. யொன் என்றால் நான்கு. கொமா என்பது படக்கதையின் ஒரு கட்டம். திரைப்படச் சுருளின் ஒரு படமும், பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு வேளையும்கூடக் கொமாதான். நிச்சி என்றால் நாள், ஜோ என்றால் வழக்கமாக, மாறாமல் இருப்பது, கெய் என்றால் வகை. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

எழுத்துக்கூட்டலையும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘யோன்கோமா’ என்று நெட்டோசையில் எழுதுவது ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுவது. மூலத்தில் இரண்டும் குறில். குறில் ஒகரமும் நெடில் ஓகாரமும் தனித்தனியாக உள்ள மொழியில் அந்த வசதியைக் கைவிட வேண்டியதில்லை. நிச்சிஜோவின் கடைசி ஓசை மட்டுமே நெடில். ‘மாங்கா’ என்பதும் அப்படியே: முதலெழுத்து குறில், ஆகவே ‘மங்கா’. நம் ‘ங்க’ அந்த ஒலியைக் கூடுதல் எழுத்து எதுவும் இல்லாமல் கொண்டுவந்துவிடுகிறது.

வடிவமும் உள்ளடக்கமும் வேறு வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பேஸ்பால் கேலியும் அரசியல் கேலியும் நான்கு கட்டங்களில் வந்திருக்கின்றன. அவை அன்றாடக் கதைகள் அல்ல. மறுபக்கம், கியொஹிக்கொ அஸுமா 1999 முதல் 2002 வரை ‘அஸுமங்கா டாயோ’வை நான்கு கட்டங்களில் வரைந்தார், 2003இல் தொடங்கிய ‘யொத்சுபா’வைச் சாதாரணப் பக்க அமைப்பில் வரைந்தார். இரண்டும் அன்றாட வகை, வடிவம் மட்டும் மாறிவிட்டது. எனவே தமிழிலும் இரண்டு சொற்கள் வேண்டும், தேவைப்படும்போது அவை சேர்ந்தும் நிற்க வேண்டும்.

வடிவத்துக்கு என் தேர்வு ‘நாற்கட்டம்’. நாற்காலி, நாற்படை, நாற்சந்தி போல இயல்பாக அமைகிற சொல். பேச்சில் ‘நாலு கட்டக் கதை’ என்றாலும் சரிதான். இதற்குப் போட்டியாக நிற்பது ‘நான்கு சட்டகம்’. சட்டகம் என்பது விளிம்பு, ஒன்றைச் சுற்றி நிற்கும் மரமோ கோடோ. கொமா அது அன்று. நாற்கட்ட ஓவியர்கள் பாத்திரத்தின் தலையையோ காலையோ கோட்டுக்கு வெளியே நீட்டி வரைவார்கள், சில வேளை கோட்டையே எடுத்துவிடுவார்கள். அப்போதும் அது ஒரு கொமாதான். தவிர, தமிழில் ‘கட்டம்’ இடத்தையும் குறிக்கிறது, காலத்தையும் குறிக்கிறது. ராசிக் கட்டம், குறுக்கெழுத்துக் கட்டம் என்கிறோம். ‘முதற்கட்டப் பேச்சு’, ‘ஒரு கட்டத்தில் அவர் எழுந்து போனார்’ என்றும் சொல்கிறோம். படக்கதையில் ஒவ்வொரு பெட்டியும் ஓர் இடம், அதுவே ஒரு நேரமும். வகுப்பு வேளையையும் படப்பெட்டியையும் ஒரே சொல்லால் குறிக்கும் கொமாவுக்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது. ‘சட்டகம்’ கோட்பாட்டுக் கட்டுரைகளிலிருந்து இறங்கி வந்த சொல். படக்கதை படிப்பவர் வாயில் அது ஒருநாளும் இருந்ததில்லை.

உண்மையான சிக்கல் ‘வாழ்க்கைத் துண்டு’தான்.

அது ஜப்பானியத்தின் மொழிபெயர்ப்பே இல்லை. ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு. அந்த ஆங்கிலத் தொடரோ பிரெஞ்சின் மொழிபெயர்ப்பு. பிரெஞ்சில் ‘த்ரான்ஷ் த வீ’ என்ற தொடரை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ழான் ஜூலியன் என்ற நாடகாசிரியர். ஆந்த்ரே அந்த்வான் 1887இல் பாரிஸில் தொடங்கிய ‘தியாத்ர் லிப்ர்’ நாடகக் குழுவைச் சேர்ந்த இயற்பண்புவாத நாடகங்களை அது குறித்தது. அங்கே மேடையேறியவை வறுமை, குடி, கொடுமை, மனித மனத்தின் கசடுகள். 1888இல் கசாப்புக்காரர்களைப் பற்றிய ஒரு நாடகத்துக்கு அந்த்வான் உண்மையான மாட்டிறைச்சியையே மேடையில் தொங்கவிட்டார். வாழ்க்கையைக் கத்தியால் அறுத்து, இரத்தம் சொட்டச் சொட்டப் பார்வையாளர்முன் வைப்பது என்ற கொள்கைக்கு அந்தப் பெயர் பொருந்தியது.

நிச்சிஜோ-கெய் இதற்கு நேர் எதிர். உயர்நிலைப் பள்ளி மாணவிகள் சங்க அறையில் தேநீர் குடிப்பார்கள், கோடை விழாவுக்கு என்ன உடுத்துவது என்று பேசுவார்கள், தேர்வுக்கு முந்தைய இரவு அலமாரியை ஒழுங்கு செய்யத் தொடங்குவார்கள். யாரும் சாவதில்லை, யாருக்கும் பணத் தட்டுப்பாடு பெரிதாக வருவதில்லை. ஹோபுன்ஷா பதிப்பகம் 2002இல் தொடங்கிய ‘மங்கா டைம் கிராரா’ இதழைச் சுற்றி வளர்ந்த படைப்புகளின் கவர்ச்சியே இந்த இதம்தான். இயற்பண்புவாதத்தின் கத்தியை இதன்மேல் வைத்தது ஆங்கிலம் செய்த தவறு. அந்தத் தவற்றை நாம் இரண்டாம் முறை, அதுவும் சொல்லுக்குச் சொல், தமிழில் செய்கிறோம்.

‘துண்டு’ தமிழில் தன் சொந்தப் பொருள்களோடு வேறு வருகிறது. தோளில் போடுவது துண்டு, தெருவில் கொடுப்பது துண்டுப் பிரசுரம், கணக்கில் குறைந்தால் துண்டு விழுகிறது. ‘வாழ்க்கையில் துண்டு’ என்றால் வாழ்க்கையில் பற்றாக்குறை என்றே காதில் விழும். இதை உணர்ந்த சிலர் ‘வாழ்வின் கீற்று’ என்று அழகுபடுத்துகிறார்கள். ஒளிக்கீற்று, தென்னங்கீற்று, மாங்காய்க் கீற்று என்று அந்தச் சொல்லுக்கு ஓசை நயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூலப் பிழை அப்படியே இருக்கிறது: பெரிய ஒன்றிலிருந்து அறுத்தெடுத்த சிறு பகுதி என்பது நிச்சிஜோவில் இல்லவே இல்லை. அந்தச் சொல் சொல்வது வழக்கத்தை, திரும்பத் திரும்ப வருவதை. மச்சிகொ ஹசெகாவாவின் ‘சஸாயே சான்’ 1946இல் ஃபுக்குவொக்காவின் ஒரு நாளிதழில் தொடங்கி, பின்பு அசாஹி ஷிம்புனில் 1974 வரை ஓடியது. தொடக்க ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு வயது ஏறவில்லை. ஒவ்வொரு கோடையிலும் அதே தர்ப்பூசணி, ஒவ்வொரு புத்தாண்டிலும் அதே விருந்து. இது எதிலிருந்தும் அறுத்தெடுத்தது அன்று, சுற்றிச் சுற்றி வருவது.

‘யதார்த்தக் கதை’ என்பாரும் உண்டு. யதார்த்தம் என்றதும் நம் வாசகர் எதிர்பார்ப்பது சமூக விமர்சனத்தை, ஏமாந்து போவார். ‘குடும்பக் கதை’ சஸாயேவுக்குப் பொருந்தும், பள்ளிக் கதைகளுக்குப் பொருந்தாது. ‘தினசரிக் கதை’ சற்று நெருங்கி வருகிறது. ஆனால் தினசரி நம்மிடம் நாளிதழின் பெயராகிவிட்டது. நாற்கட்டங்கள் நாளிதழில் வளர்ந்த வடிவம் என்பதால் ‘நாள்தோறும் வெளிவரும் கதை’ என்ற குழப்பம் நிச்சயம். மாத இதழில் வருவதைத் தினசரிக் கதை என்று எப்படிச் சொல்வது?

எஞ்சுவது ‘அன்றாடம்’. அன்றன்று நடப்பது, நாளும் திரும்புவது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. நிச்சிஜோவுக்கு நேர் இணை. ‘அன்றாடங்காய்ச்சி’ என்ற சொல் இருப்பதால் வறுமை வாடை அடிக்காதா என்று ஒரு மறுப்பு வரலாம். அடிக்காது. வறுமை அங்கே ‘காய்ச்சி’யில் இருக்கிறது, அன்றாடத்தில் இல்லை. அன்றாட வேலை, அன்றாடப் பேச்சு என்று நாம் எழுதும்போது யாரும் வறுமையை நினைப்பதில்லை. ஆகவே நிச்சிஜோ-கெய் என்பது ‘அன்றாட வகை’, அதில் வரும் கதை ‘அன்றாடக் கதை’, நான்கு கட்டங்களில் வந்தால் ‘அன்றாட நாற்கட்டம்’.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்கள் மொழிபெயர்ப்புகளைப் பார்க்க வேண்டும். ‘துணுக்கு’ என்றும் ‘நகைச்சுவைத் துண்டு’ என்றும் மனத்தில் பதிந்துவிட்டதால், நான்காம் கட்டத்தில் சிரிப்பு வெடித்தே ஆக வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் நினைக்கிறார். நாற்கட்டத்தின் இலக்கணம் வேறு. சீன நாலடிக் கவிதையிலிருந்து ஜப்பானுக்கு வந்த ‘கி, ஷோ, தென், கெத்சு’ என்ற நான்கு படிகள் அதற்கு அடிப்படை. இவற்றை ‘அறிமுகம், வளர்ச்சி, உச்சம், தீர்வு’ என்று எழுதுவதும் பெரும் பிழை. மூன்றாவதான ‘தென்’ உச்சமும் அன்று, மோதலும் அன்று. பார்வை வேறு பக்கம் திரும்புவது. நம் இசை மரபில் பல்லவி, அனுபல்லவி, சரணத்துக்கு எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்ற சொற்கள் இருக்கின்றன. நடுவில் ஒரு திருப்பைச் சேர்த்தால் போதும்: எடுப்பு, தொடுப்பு, திருப்பு, முடிப்பு.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் கட்டம்: மழையில் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மாணவிகள், ‘இன்னும் மூணு நிமிஷம்’ என்கிறாள் ஒருத்தி. இரண்டாவது: மற்றவள் கால அட்டவணையை விரலால் தடவிச் சரிபார்க்கிறாள். மூன்றாவது: அட்டவணையின் மேல் ஒரு நத்தை. நான்காவது: பேருந்தின் பின்விளக்கு தூரத்தில், இருவரும் நத்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ‘அஞ்சரை மணி வரிசைக்கு வந்துடுச்சு.’ அவ்வளவுதான். இதில் ‘ஐயையோ, பஸ் போயிடுச்சே!’ என்று மொழிபெயர்ப்பாளர் ஒரு கூச்சலைச் சேர்த்தால் கதை செத்துவிடும். பேருந்து போனதைப் படம் சொல்லிவிட்டது. சொல் அதைத் திரும்பச் சொன்னால் வாசகர் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. கதை முடியும் இடத்தை ஜப்பானியத்தில் ‘ஒச்சி’ என்பார்கள்; விழுதல் என்று பொருள், ராக்குகொ என்ற மரபுக் கதைசொல்லலிலிருந்து வந்தது. இதற்குத் தமிழில் ‘பஞ்ச்’ என்று எழுதுகிறார்கள். ‘பஞ்ச்’ என்றால் கதாநாயகன் கேமராவைப் பார்த்துச் சொல்லும் வசனம்தான் நமக்கு நினைவில் வரும். ‘முத்தாய்ப்பு’ இருக்கிறதே, அதை ஏன் எடுப்பதில்லை? மென்மையாகவும் முத்தாய்ப்பு வைக்கலாம், ஓங்கியும் வைக்கலாம்.

வரைபவருக்கான சிரமமும் கட்டத்தின் சிறிய அளவில்தான் இருக்கிறது. கிராரா வகைத் தொகுப்புகள் ஏ5 அளவில் வருகின்றன. மேலிருந்து கீழாக அடுக்கிய நான்கு கட்டங்கள் ஒரு பட்டை. பக்கத்துக்கு இரண்டு பட்டை, பட்டைக்கு ஒரு தலைப்பு. ஓரமும் இடைவெளியும் போக ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய 6 செ.மீ. அகலமும் 4 செ.மீ. உயரமுமே கிடைக்கும். அதற்குள் இரண்டு முகம், இரண்டு பேச்சுக் குமிழி, எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு பின்னணிப் பொருள். மூன்று பேர் பேசினால் முகங்கள் சுருங்கிவிடும். அதனால் பின்னணியை முதல் கட்டத்தில் மட்டும் வரைந்து, பிறகு வெறும் நிறத்தை விடுவது வழக்கம். ஓர் இதழுக்கு 8 பக்கம் என்றால் 16 பட்டை. தலைப்புப் படத்துக்கு இடம் விட்டால் ஒன்றிரண்டு குறையும். ஒவ்வொரு பட்டையும் தனியாக முடிய வேண்டும், அத்தனையும் சேர்ந்து ஒரு நாளாகவும் நகர வேண்டும். பெரும்பாலும் தவறுவது மூன்றாம் கட்டம். இரண்டில் சொல்லி முடிக்க முடியாத விளக்கத்தை அங்கே தள்ளுவார்கள். திருப்புக்கு இடம் போய்விடும், நான்காம் கட்டம் ஆதாரமில்லாமல் நிற்கும்.

தமிழில் பதிப்பிக்க வருகிறவர்களுக்கு இன்னொரு பாடு. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே ஓடுவதால் குமிழிகள் உயரமும் ஒடுக்கமுமாக இருக்கும். ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ அதில் அடங்காது. இரண்டாக உடைத்தால் படிக்க முடியாது. பேச்சுத் தமிழ் இங்கே தேவையே ஆகிவிடுகிறது: ‘பாக்கறேன்’ அடங்கும். பட்டைகளின் வரிசையும் முக்கியம், வலப்பக்கப் பட்டையே முதலாவது. கட்டங்கள் மேலிருந்து கீழே வருவதால் அங்கே குழப்பமில்லை. ஒரு கட்டத்துக்குள்தான் சிக்கல். முதலில் பேசுபவர் வலப்புறம் நிற்பார். நம் கண் இடமிருந்து தொடங்குவதால் கேள்விக்கு முன்பே பதிலைப் படித்துவிடும். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் சட்டைப் பொத்தான் பக்கம் மாறும், கடைப் பலகையின் எழுத்து இடவலம் மாறிவிடும். வலக் குமிழியைச் சற்று மேலே ஏற்றி, இடக் குமிழியைக் கீழே இறக்குவது நடைமுறையில் பலன் தருகிறது. இதைச் செய்யவும் மூலப் பக்கம் கையில் இருக்க வேண்டும். ஆங்கிலப் பதிப்பின் வசனத்தை மட்டும் ஒரு கோப்பில் கொடுத்து ‘தமிழாக்கு’ என்று அனுப்பும் வழக்கம் நிற்காதவரை, துண்டும் பஞ்சும் வந்துகொண்டேதான் இருக்கும். பட்டைத் தலைப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மேலே சொன்ன நத்தைக் கதைக்கு ‘கால அட்டவணை’ என்பது நல்ல தலைப்பு. ‘தவறிய பேருந்து’ என்று வைத்தால் முத்தாய்ப்பு முதல் கட்டத்துக்கு முன்பே உடைந்துவிடும்.

இதே வகைக்கு ‘கூக்கி-கெய்’ என்ற இன்னொரு பெயரும் ஜப்பானில் உண்டு. கூக்கி என்றால் காற்று; அந்த இடத்தின் மனநிலை என்ற பொருளும் அதற்கு இருக்கிறது. அதைக் ‘காற்று வகை’ என்று பெயர்க்க வேண்டாம், யாருக்கும் விளங்காது. மூலப் பெயரை ஒருமுறை சொல்லி, ‘அன்றாட வகையின் மறுபெயர்’ என்று எழுதிவிட்டு மேலே போகலாம்.