வித்தை வித்தால் வெல்வது

ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் சிலருக்கு வயிறு கலங்கும். நாலு நாள் மோர் சாதத்தில் அது பெரும்பாலும் அடங்கிவிடும். மருத்துவமனையில் கிடக்கும் முதியவர்கள் சிலருக்கு மட்டும் அடங்காமல் ஓயாத பேதி, காய்ச்சல், குடல் அழற்சி என்று முற்றும். காரணம், குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா, சுருக்கமாக சி-டிஃப். வேடிக்கை என்னவென்றால், அதற்குக் கொடுப்பதும் இன்னொரு ஆன்டிபயாட்டிக்தான். வான்கோமைசின் கொடுத்தால் பேதி நிற்கும். மருந்தை நிறுத்திய சில வாரங்களில் சிலருக்குத் திரும்ப வரும். மறுபடி மருந்து, மறுபடி பேதி.

இப்படி அவதிப்பட்டவர்களிடம் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் செய்த ஒரு சோதனையின் முடிவு 2013இல் வெளியானது. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை 500 மில்லி உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, சிறுகுடல் வரை விட்ட குழாயில் மெல்லச் செலுத்தினார்கள். குழாய் போனது மூக்கு வழியாக. நல்லவேளை, நாக்குக்கு வேலையில்லை. 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள். மீதி மூவரில் இருவர் இரண்டாம் தடவையில். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்தான். சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குமேல் நிரூபிக்க என்ன இருக்கிறது?

நல்ல பாக்டீரியா கெட்டதை விரட்டிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. எப்படி விரட்டியது? இடத்துக்கும் தீனிக்கும் போட்டி உண்டுதான். ஆனால் சுவாரசியமான பகுதி பித்தநீரில் இருக்கிறது.

கொழுப்பைக் கரைக்கக் கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களில் பெரும்பகுதி சிறுகுடலின் கடைக்கோடியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். தப்பிப் பெருங்குடலுக்கு வரும் கொஞ்சத்தை அங்குள்ள சில பாக்டீரியாக்கள் பிடித்து, லேசாக உருமாற்றி வேறு அமிலமாக்கும். சி-டிஃப்போ, கெட்டியான உறைக்குள் ஒடுங்கி, எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியாத வித்தாகக் (spore) குடலில் உறங்கும். உருமாறாத பித்த அமிலம் பட்டால் வித்து முளைக்கும். உருமாறியது பட்டால், முளைத்ததும் வளராமல் முடங்கும். ஆன்டிபயாட்டிக் அந்த உருமாற்றும் பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிடுவதால், முளைக்க வைக்கும் அமிலமே மிஞ்சுகிறது. மலத்தோடு வந்தவை குடியேறியதும் பித்தம் பழையபடி மாறத் தொடங்குகிறது.

இந்த வெற்றியைக் காட்டித்தான் மனச்சோர்வு முதல் தொப்பை வரை எல்லாவற்றுக்கும் குடல் பொடி விற்கிறார்கள். அந்த நோய்களில் பெரும்பாலும் தெரிந்தது, நோயாளியின் குடலில் பாக்டீரியாக்கள் வேறு மாதிரி இருக்கின்றன என்பது மட்டுமே. எது காரணம், எது விளைவு என்பது இன்னும் தீரவில்லை.

மலத்தை அப்படியே ஏற்றுவதிலும் ஆபத்து உண்டு. 2019இல், தானமாக வந்த மலத்திலிருந்த, மருந்துக்கு அடங்காத ஈ. கோலை என்ற பாக்டீரியா தொற்றி ஒரு நோயாளி இறந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதே அமைப்பு 2023இல், சி-டிஃப் திரும்ப வராமல் தடுக்கும் ஒரு கேப்சூலுக்கு அனுமதி தந்தது. தானமாக வந்த மலத்தை எத்தனால் என்ற ஆல்கஹாலில் ஊறவைப்பார்கள். உயிரோடு திரிபவை சாகும், நல்ல பாக்டீரியாக்களின் வித்துகள் மட்டும் பிழைக்கும். அவைதான் மருந்து. நாளைக்கு 4 வீதம், 3 நாள்.