நாலு போர்ட் சுவிட்சும் ஒரு சுங்கக் கட்டணமும்

"இருநூறு ஊர்களைக் குறைந்த செலவில் கேபிளால் இணைக்கும் வழியைக் கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடுகிறது. ஒரு சுவிட்சில் நாலு கேபிளுக்கு மேல் செருக முடியாது என்று சேர்த்துக் கேட்டால் மட்டும் ஏன் திணறுகிறது?" பொறியியல் மாணவி ஒருவர் அனுப்பிய கேள்வி இது.

எல்லா ஊர்களையும் தொட்டு, எங்கும் சுற்று உண்டாகாமல் செல்லும் இணைப்புக்கு ஸ்பானிங் ட்ரீ என்று பெயர், சுருக்கமாக மரம். பத்து ஊர்களுக்கே இப்படி 10 கோடி மரங்கள் போடலாம். ஆனாலும் மிக மலிவானதைக் கண்டுபிடிப்பது எளிது. செக் கணிதவியலாளர் ஓட்டகர் போரூவ்கா, மொராவியாவில் மின்கம்பி இழுப்பது பற்றி எழுந்த கேள்விக்கு 1926-லேயே வழி சொல்லிவிட்டார். 1956-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோசப் குருஸ்கல் சொன்ன வழி இன்னும் சுலபம்: விலை குறைந்த கேபிளிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள், சுற்று உண்டாக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

போர்ட், அதாவது சுவிட்சில் கேபிள் செருகும் துளை, இத்தனைதான் என்று வரம்பு வந்ததும், கண்ணில் பட்ட மலிவானதை உடனே எடுக்கும் இந்தப் பேராசை வழி உடைந்துபோகிறது. முதலில் மலிவாகக் கிடைத்த கேபிள், பின்னால் வேறொரு ஊருக்குத் தேவைப்படும் போர்ட்டை அடைத்துக்கொள்ளும். வரம்பு இரண்டு என்றால் எல்லா ஊர்களையும் ஒரே கோட்டில் கோர்க்க வேண்டும். அது, எல்லா ஊர்களுக்கும் ஒருமுறை போய்த் திரும்பும் மிகக் குறுகிய பாதையைத் தேடும் பயண விற்பனையாளர் புதிருக்கு உடன்பிறப்பு. எப்போதும் வேகமாகச் சரியான விடை தரும் வழி எதுவும் இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் ஒரு தந்திரம் இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதற்குப் பதிலாக நெரிசலான சுவிட்சில் சுங்கம் வசூலிப்பது!

ஒரு மையம், அதைச் சுற்றி க, ச, ட, த என்று நான்கு ஊர்கள். மையத்திலிருந்து இழுக்க முறையே 2, 3, 4, 5 லட்சம் ஆகும். க–ச இடையே 4, ச–ட 6, ட–த 6. வேறு பாதை இல்லை. மலிவான மரத்தில் நான்கு ஊர்களும் மையத்திலேயே வந்து செருகும், செலவு 14. ஆனால் மையத்தில் இரண்டு போர்ட்தான் இருக்கிறது.

சரி, மையத்தைத் தொடும் ஒவ்வொரு கேபிளுக்கும் ஒன்றரை லட்சம் சுங்கம் என்று வைப்போம். மையம்–ச இப்போது 4.5, அதைவிட க–ச மலிவு. மையம்–த 6.5, அதைவிட ட–த மலிவு. பழைய குருஸ்கல் வழியையே மறுபடி ஓட்டினால் ச ஊர் க வழியாகவும், த ஊர் ட வழியாகவும் தாமாகவே விலகிப் போகின்றன. மையத்தில் இரண்டே கேபிள். சுங்கம் இல்லாத உண்மைச் செலவு 16.

இதைவிட மலிவு கிடையாது என்பதையும் அதே சுங்கம் நிரூபித்துவிடுகிறது. சுங்கத்தோடு கணக்கிட்டால் எந்த மரமும் 19-க்குக் கீழே போகாது, ஏனென்றால் குருஸ்கல் கண்டுபிடித்த மலிவான மரமே அதுதான். விதிக்கு உட்பட்ட எந்தத் திட்டமும் அதிகபட்சம் இரண்டு சுங்கம், அதாவது 3 லட்சம் கட்டும். அப்படியானால் அதன் உண்மைச் செலவு 16-க்குக் குறையவே முடியாது. மற்ற மரங்களை ஒன்றுகூடப் பார்க்காமலேயே அவை எல்லாவற்றையும் வென்றாகிவிட்டது. கணிதத்தில் இவ்வளவு அழகான வாதங்கள் அதிகம் இல்லை.

இந்த யோசனையின் வேர், கணிதவியலாளர் லக்ராஞ்ச் 1788-ல் இயக்கவியலுக்காக எழுதிய பெருக்கிகளில் இருக்கிறது; நம் சுங்கம் போல, அவை ஒரு கட்டுப்பாட்டுக்கு வைக்கும் விலை. கணினி ஆய்வாளர்கள் ஹெல்டும் கார்ப்பும் 1970-ல் அதை விற்பனையாளர் புதிருக்குக் கொண்டுவந்தார்கள். ஆராய்ச்சி நிதி கேட்டு வருபவரிடம் "மூன்று வருடத்தில் என்ன பயன்?" என்று கேட்பவர்கள், நடுவில் ஓடிய 182 வருடங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அடிப்படைக் கணிதத்துக்குக் கொடுக்கும் பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதுவது தவறு என்பேன்.

எல்லா ஊர்களுக்கும் வரம்பு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுங்கம் வைத்து, நெரிந்த இடத்தில் ஏற்றி, காலியான இடத்தில் இறக்கிக்கொண்டே போக வேண்டும். அப்போது சுங்கம் காட்டும் கீழ்வரம்புக்கும் கையிலுள்ள மரத்துக்கும் இடையே சில சமயம் இடைவெளி நிற்கும், அதைக் கிளை கிளையாகத் தேடித்தான் மூட வேண்டும். கணினி ஆய்வாளர்கள் மோஹித் சிங்கும் லாப் சி லாவும் 2007-ல் வேறொரு வழியைக் காட்டினார்கள். செலவு, வரம்புக்கு உட்பட்ட மிக மலிவான விடையைத் தாண்டாது, வேகமாகவும் கிடைக்கும், ஆனால் எந்தச் சுவிட்சிலும் வரம்பைவிட ஒரு போர்ட் கூடுதலாகலாம். நாலு போர்ட் சுவிட்ச் வைத்திருப்பவர் வரம்பை மூன்று என்று சொல்லிக் கேட்கலாம். அப்படி ஒரு மரம் இருக்கும் பட்சத்தில், வரும் விடை நாலுக்குள் அடங்கிவிடும்.