சாஃப்ட்வேர் ஃபேக்டரி: ஆலையா, பட்டறையா, தொழிற்சாலையா?

சென்னை ஓ.எம்.ஆர் பக்கம் ‘சாஃப்ட்வேர் ஃபேக்டரி’ என்ற சொல் காதில் விழுந்தால் அது பெரும்பாலும் வசவாகத்தான் இருக்கும். “இது கம்பெனி இல்லைங்க, ஃபேக்டரி” என்று ஒருவர் சொன்னால், ஆளைத் தலைக்கணக்காகப் பார்க்கிறார்கள், யோசிக்க நேரம் தருவதில்லை என்று பொருள். ஆனால் அந்தச் சொல்லை முதலில் புழங்கியவர்கள் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். நிரல் எழுதும் வேலையை எப்படியாவது ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசை அதில் இருந்தது.

தமிழில் இதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்று முடிவு செய்ய, சொல்லின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் ஃபேக்டரி. லத்தீனில் ‘ஃபாக்டோர்’ என்றால் செய்பவர். ஐரோப்பிய வணிகத்தில் இந்தச் சொல் முதலாளியின் சார்பில் வெளியூரில் இருந்து வாங்கி விற்கும் முகவரைக் குறித்தது. அவர் தங்கிச் சரக்கை இருப்பு வைக்கும் இடம் ஃபேக்டரி. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களின் படிநிலையில் ரைட்டருக்கு மேலே, மெர்ச்சன்ட்டுக்குக் கீழே ஃபேக்டர் என்று ஒரு பதவியே இருந்தது. 1639-இல் சென்னைக் கடற்கரையில் இடம் வாங்கிய ஃபிரான்சிஸ் டே அப்படியொரு ஃபேக்டர்தான். பழவேற்காட்டிலும் மசூலிப்பட்டினத்திலும் இருந்த ‘ஃபேக்டரி’களில் துணி நெய்யப்படவில்லை, தறிகள் எல்லாம் வெளியே நெசவாளர் வீடுகளில் ஓடின. அந்தப் பொருளுக்குத் தமிழில் பண்டகசாலை என்ற சொல் சரியாகப் பொருந்தும். பொருளைச் செய்யும் இடம் என்ற அர்த்தம்தான் பிற்பாடு ஓங்கி, பழையதை மூடிவிட்டது.

மென்பொருளோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்ட ஆண்டு 1968. அப்போது ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த ராபர்ட் பீமர், நிரலை எழுதுவது, சோதிப்பது, பயன்படுத்துவது எல்லாம் ஒரே கணினிச் சூழலுக்குள் நடக்க வேண்டும் என்றார். அந்தச் சூழலுக்கு அவர் வைத்த பெயர்தான் சாஃப்ட்வேர் ஃபேக்டரி. அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய், நிரல் பாகங்களைப் பெருமளவில் செய்து தயாராக வைத்திருக்க வேண்டும் என்று பேசினார். ஒருவர் கேட்டது கருவிகளை, மற்றவர் கேட்டது பாகங்களை. ஆட்களை வரிசையாக உட்காரவைத்து வேலை வாங்குவது இரண்டு பேருடைய யோசனையிலும் இல்லை.

அடுத்த ஆண்டே, 1969-இல், ஜப்பானின் ஹிட்டாச்சி தன் மென்பொருள் பிரிவுக்குத் தொழிற்சாலை என்றே பெயர் வைத்தது. இதற்கு நிர்வாகக் காரணமும் இருந்தது. ஹிட்டாச்சியில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தனி வரவு செலவுள்ள அலகு. மென்பொருளும் தன் கணக்கைத் தானே பார்க்க வேண்டும் என்றால் அதுவும் ஒரு தொழிற்சாலையாக இருந்தாக வேண்டும். பாகங்களை மீண்டும் பயன்படுத்தும் முயற்சி அங்கே தொடக்கத்தில் சரிவரவில்லை. அதனால் வேலை முறையை ஒரே சீராக்குவதிலும், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை பிழைகள் வந்தன என்று அளந்து வைப்பதிலும் இறங்கினார்கள்.

திட்ட மேலாண்மை படிப்பவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா. சிஸ்டம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் (சுருக்கமாக எஸ்.டி.சி) என்ற நிறுவனம், அமெரிக்க விமானப் படையின் சேஜ் வான்காப்பு அமைப்புக்கு நிரல் எழுதுவதற்காக ராண்ட் நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்தது. 1970-களின் நடுவில் அது சுமார் 200 நிரலர்களை ஒரே இடத்தில் கூட்டி, அதற்கு சாஃப்ட்வேர் ஃபேக்டரி என்று பெயர் சூட்டியது. அதற்கு முன்பு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழுவைத் திரட்டி, வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கு அனுப்பி, முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். கற்றுக்கொண்டதெல்லாம் குழுவோடு சேர்ந்து கலைந்துபோகும். புதிய ஏற்பாட்டில் திட்ட மேலாளர் வாடிக்கையாளரோடு இருந்து, என்ன வேண்டும் என்பதை எழுதித் தருவார். வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை ஆகியவற்றை ஃபேக்டரி பார்த்துக்கொள்ளும்.

வேலை கெட்டுப்போகவில்லை. அங்கே வந்த திட்டங்கள் பெரும்பாலும் குறித்த நேரத்தில் முடிந்தன. ஆனாலும் சில ஆண்டுகளில் ஃபேக்டரி ஓய்ந்துவிட்டது. காரணம் மேலாளர்கள். வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டியவர் தாம், ஆட்களோ வேறொருவர் கையில் என்ற ஏற்பாடு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மேலிடமும் கட்டாயப்படுத்தவில்லை. பழையபடி சொந்தக் குழு அமைத்து வேலையை முடித்துக்கொண்டார்கள். ஒரு வாடிக்கையாளரின் கணினிக்குச் செய்த கருவி இன்னொருவரின் கணினியில் ஓடாது என்ற தொல்லையும் சேர்ந்துகொண்டது. ஃபேக்டரிக்கு வரத்து குறைந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக வெவ்வேறு திட்டங்களுக்குப் போனார்கள். எம்.ஐ.டி பேராசிரியர் மைக்கேல் குசுமானோ இந்தக் கதையைப் பிற்பாடு விரிவாக ஆராய்ந்தார். எந்த நிறுவனத்திலும் டெலிவரி மேலாளருக்கும் கருவிக் குழுவுக்கும் நடக்கும் இழுபறியைப் பார்த்தவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

டோக்கியோவுக்கு மேற்கே ஃபுச்சுவில் தோஷிபா 1977-இல் தொடங்கிய தொழிற்சாலை இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. மின் நிலையம், எஃகு ஆலை போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் அங்கே உருவானது. அவை ஒன்றுக்கொன்று சாயலில் நெருங்கியவை; எனவே பழைய பாகத்தை எடுத்துப் பொருத்த வாய்ப்பு அதிகம். கெடு நெருங்கும்போது எந்த மேலாளரும் அடுத்தவர் பயன்படுத்துவதற்காகப் பாகத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டிருக்க மாட்டார். தோஷிபா அவரிடம் அதை எதிர்பார்க்கவும் இல்லை. பாகங்களைச் செய்து பராமரிக்கத் தனிப் பிரிவும், எதைப் பாகமாக்கலாம் என்று முடிவு செய்யக் குழுக்களும் வைத்தது. 1980-களின் நடுவில் அங்கிருந்து வெளியான நிரலில் ஏறக்குறைய பாதி, முன்பே எழுதியதாக இருந்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கார் ஆலையில் ஒரே கார் ஆயிரம் முறை செய்யப்படுகிறது. மென்பொருளில் இரண்டாவது பிரதிக்குச் செலவே இல்லை, நகல் எடுத்தால் போதும். அப்புறம் எதை உற்பத்தி செய்வதற்கு ஃபேக்டரி? ஃபேக்டரியில் திரும்பத் திரும்ப வருவது பொருள் இல்லை, வேலைமுறை. ஒவ்வொரு திட்டமும் புதிது. கருவிகளும் பாகங்களும் அளவுகோல்களும் பொது. திட்டம் வரும், போகும். ஃபேக்டரி அங்கேயே இருக்கும். எனவே ஒரு நிறுவனத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பதாலேயே அது இந்தப் பொருளில் ஃபேக்டரி ஆகிவிடாது. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் தனித் தீவாக ஓடி, இடையில் ஆட்கள் பெஞ்சில் (அடுத்த வேலை வரும்வரை சும்மா) காத்திருக்கும் இடம் எஸ்.டி.சி விட்டு வெளியேற நினைத்த பழைய முறைதான். திட்டுவதற்கு வேறு நல்ல சொல் தேடிக்கொள்ளலாம்.

இப்போது அமெரிக்கப் படைத்துறையில் இந்தச் சொல் மறுபடி புழக்கத்துக்கு வந்திருக்கிறது. விமானப் படை 2017-இல் பாஸ்டனில் தொடங்கிய கெஸல் ரன் என்ற மென்பொருள் பிரிவு அதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. நிரலைச் சேர்த்து, சோதித்து, வெளியிடும் தானியங்கி வரிசையைத்தான் இன்று பெரும்பாலும் இப்படிக் குறிக்கிறார்கள். பீமர் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மென்பொருள் ஆலை’ சுருக்கமாக இருக்கிறது, நாவிலும் எளிதாக வரும். ஆனால் ஆலை என்பது முதலில் கரும்பு ஆட்டும் இடம். பட்டினப்பாலையிலேயே ‘கார்க் கரும்பின் கமழ் ஆலை’ வருகிறது. இன்றும் பஞ்சாலை, அரிசி ஆலை, சர்க்கரை ஆலை என்று, மூலப்பொருள் ஒரு பக்கம் போய் சரக்கு மறுபக்கம் வரும் இடங்களுக்கே அது இயல்பாகப் பொருந்துகிறது. மென்பொருளில் அப்படி ஆட்டிப் பிழிவதற்கு எதுவும் இல்லை. (பிழியப்படுவது ஆட்கள்தான் என்பவர்கள் ஆலை என்றே வைத்துக்கொள்ளலாம்.)

பட்டறை அழகான சொல். கொல்லரின் அடைகல்லைக் குறிக்கும் பட்டடையோடு உறவுள்ளது. பொதுக் கருவிகள், ஒவ்வொன்றும் வேறான வேலை என்ற பொருத்தமும் உண்டு. இருந்தாலும் இங்கே அது சரியாக எதிர்ப்பொருள் தந்துவிடும். கைத்திறனை மட்டும் நம்பிய பட்டறை முறையிலிருந்து விலகத்தான் ஃபேக்டரி என்ற சொல்லையே எடுத்தார்கள். போதாததற்குப் பயிற்சி முகாமுக்கும் இப்போது பட்டறை என்கிறோம்.

ஆகவே என் தேர்வு ‘மென்பொருள் தொழிற்சாலை’. கொஞ்சம் நீளம்தான். ஆனால் சாலை என்பது பாடசாலை, பண்டகசாலை போல ஒரு வேலைக்கென்று நிலையாக அமைந்த இடம். அந்த நிலைத்தன்மைதான் இந்தக் கருத்தின் உயிர். தானியங்கி வரிசையை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் ‘மென்பொருள் உருவாக்கத் தொடர்’ போதும்.

கூடவே ஒரு சொல்லைச் சீர்செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் பிளானும் திட்டம், ப்ராஜெக்ட்டும் திட்டம், அரசு ஸ்கீமும் திட்டம். “திட்டத்தின் திட்டம் தாமதம்” என்று எழுத நேர்ந்தால் யாருக்கும் புரியாது. இலங்கையில் ப்ராஜெக்ட்டுக்குச் செயற்றிட்டம் என்று தனிச்சொல் உண்டு, மேலாண்மைக்கு முகாமைத்துவம் என்பார்கள். நம் பக்கத்து நாவுக்குச் செயல்திட்டம் எளிது. அப்போது எஸ்.டி.சி கதையை இப்படி எழுதலாம்: ‘செயல்திட்ட மேலாளர்கள் தங்கள் வேலையை மென்பொருள் தொழிற்சாலைக்கு அனுப்ப மறுத்தார்கள்.’