டெக், ஜிபிஎஸ், கணியம்

குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் ஒரு ஃபைபர் வள்ளத்துக்கு உள்வேலை நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் வள்ளத்துக்காரர் சொன்னார்: "டெக் அடிச்சாச்சு மக்கா. இனி கையில வச்சுக்க ஒரு ஜிபிஎஸ் வாங்கிட்டா கடல்ல இறக்கிரலாம்." இந்தப் பேச்சில் இரண்டு கடன்சொற்கள் இருக்கின்றன. அவை வெளியூர்ச் சரக்கு; ஆனால் அவற்றுக்குச் சரியான தமிழ் எது என்று தேடப்போனால், அந்தக் கரையைத் தாண்டி அதிக தூரம் போக வேண்டியதில்லை.

டெக் என்பது பழைய டச்சு மொழிச் சொல். அதன் முதல் பொருள் தரை அல்ல; மூடி, போர்வை, கூரை. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் மூடுவது என்ற பொருளில்தான் வந்தது. கப்பலின் வயிற்றில் மழையும் அலையும் விழாமல் மூடினார்கள். அந்த மூடியின் மேல் ஆட்கள் நின்று வேலை செய்யத் தொடங்கியதும் சொல் தரையைக் குறிக்க ஆரம்பித்தது. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல் இன்றும் போர்வைக்கும் வீட்டுக்குள் அண்ணாந்து பார்க்கும் மேல்தளத்துக்கும் வழங்குகிறது.

நம் வள்ளத்தில் போடுவது மூடியே அல்ல. வள்ளத்தின் அடி வளைந்திருக்கும். ஆடுகிற வள்ளத்தில் நின்று வலை இழுக்கிறவருக்குக் கால் ஊன்ற மட்டமான இடம் வேண்டும்; அதற்காகப் பலகை பரப்புகிறோம். அடியில் தேங்கும் தண்ணீரை இறைப்பதற்காக நடுவில் ஓரிரு பலகைகளை எடுத்து மாட்டும்படி விட்டிருந்தார்கள். இதற்குத் தளம் என்று எழுதுபவர்கள் உண்டு. தவறில்லை, ஆனால் கரையில் மீன் இறக்கும் இடத்துக்கும் 'மீன் இறங்குதளம்' என்றுதானே பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம்? தட்டு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தேரில் ஆள் நிற்கும் இடம் தேர்த்தட்டு. அதேபோல் வள்ளத்தில் ஆள் நிற்கும் இடம் வள்ளத்தட்டு.

அடுத்தது ஜிபிஎஸ். இது சொல்லே அல்ல; 'உலகளாவிய இடமறியும் அமைப்பு' என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். அமெரிக்க ராணுவத்துக்காக உருவான ஏற்பாடு இது. முதல் செயற்கைக்கோள் 1978இல் மேலே போனது. அமைப்பு முழு அளவில் இயங்குவதாக 1995இல் அறிவித்தார்கள். கையிலிருக்கும் கருவி தானாக எதையும் அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை தன்னிடம் வந்துசேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்குப் போட்டு, தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். 2000 மே வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வைத்திருந்தது. அதனால் அப்போது 100 மீட்டர் வரைகூடப் பிசகும். நெடுஞ்சாலையில் 100 மீட்டர் பெரிய விஷயமில்லை. கடலடிப் பாறைத் திட்டைத் தேடிப்போகிறவருக்கு அது வெறுங்கையோடு திரும்பும் தூரம்.

தமிழில் இதற்குப் புவியிடங்காட்டி என்ற சொல் ஓரளவு பரவியிருக்கிறது. திசைகாட்டி என்ற அருமையான பழைய சொல்லின் அச்சில் வார்த்தது, நல்ல ஆக்கம். கட்டுரையில் அப்படியே எழுதலாம். வள்ளத்தில் கூப்பிட்டுக் கேட்பதற்கு இடங்காட்டி போதும். 'திசைகாட்டி எங்கே, இடங்காட்டி எங்கே' என்று கேட்டால் இரண்டும் என்ன வேலை செய்கின்றன என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கடன்சொல்லே கூடாது என்பது என் கட்சி இல்லை. மீகாமன் என்ற பழந்தமிழ்ச் சொல் இருக்கும்போதே மாலுமி என்ற சொல்லையும் வைத்துக்கொண்டோம். அது ஆசிரியர் என்று பொருள்படும் முஅல்லிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கப்பலுக்கு வழி சொல்பவரை ஆசிரியர் என்று அழைத்த மரியாதை அதில் இருக்கிறது. அப்படி ஒரு வரவு நமக்கு லாபம்தான். ஆனால் கையில் இருக்கும் சொல்லை மறந்துவிட்டு வெளியே வாங்கினால் அது நஷ்டம். இடங்காட்டியில் குறித்துவைக்கும் புள்ளியை 'பாயிண்ட்' என்று சொல்லும்போது அந்த நஷ்டம்தான் நடக்கிறது.

ஏனென்றால் அதற்குக் குமரிக் கடற்கரையில் கணியம் என்ற சொல் இருக்கிறது. திருவனந்தபுரத்துத் தென்கரையில் கணிச்சம் என்பார்கள். கணி என்ற வினையிலிருந்து வந்தது. கணக்கும், நாளும் கோளும் பார்க்கிற கணியனும் அதே குடும்பம்.

கணியம் பார்ப்பது இப்படி. மீன் கூடுகிற பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, கண்ணுக்குத் தெரியாது. கரைதான் தெரியும். கரையில் கோயில் கோபுரமும் அதற்கு வெகுதூரம் பின்னால் ஒரு மலைமுகடும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி வள்ளத்தை நகர்த்த வேண்டும். கொஞ்சம் பக்கவாட்டில் விலகினாலும் கோபுரமும் முகடும் பிரிந்து நிற்கும். அந்தக் கோட்டிலேயே நின்றுகொண்டு, வேறொரு பக்கம் இன்னொரு ஜோடி அடையாளத்தைப் பார்க்க வேண்டும்; கலங்கரை விளக்கமும் அதற்குப் பின்னால் ஒரு குன்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவையும் நேராக வரும்வரை முன்னோ பின்னோ போக வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டுகிற இடத்தில் கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழம் பார்த்தால், பாகக் கணக்கும் ஒத்துவரும்; இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். கணியம் தெரிந்தவர் அதைக் கண்டவரிடமெல்லாம் சொல்வதில்லை. தகப்பன் மகனுக்குக் கொடுக்கும் சொத்து அது. மப்பு போட்டாலும் இருட்டினாலும் கரை மறையும் தூரம் போனாலும் அது உதவாது. இடங்காட்டி உதவும்.

இடங்காட்டியும் வெட்டுப்புள்ளியைத்தான் காட்டுகிறது. கோபுரத்துக்கும் மலைக்கும் பதில் அட்சரேகையும் தீர்க்கரேகையும். இலங்கைத் தமிழர் சொல்வதுபோல் அகலக்கோடும் நெடுங்கோடும். திரையில் 08° 02.415 என்று தெரிந்தால், அது 8 பாகை, 2.415 கலை. பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. அட்சரேகையில் ஒரு கலை ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர். கடைசி இலக்கம் 5இலிருந்து 6 ஆனால் வள்ளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வடக்கே நகர்ந்திருக்கிறது. கோபுரமும் முகடும் பிரிவதைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது எண் மாறுவதைப் பார்க்கிறார்கள். செய்கை ஒன்றுதான். அதனால் அந்தப் புள்ளிக்குக் கணியம் என்றே பெயர் இருக்கட்டும்: 'கணியம் போட்டு வை', 'எத்தனை கணியம் ஏத்தியிருக்க?' அகராதிக்காரர்கள் உட்கார்ந்து புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை.

அந்த வள்ளம் கடலில் இறங்கிய பிறகு ஒருநாள் விடியலில் நானும் கூடப் போனேன். புதுத் தட்டில் கால் அகட்டி நின்றுகொண்டு, வலது கையில் இடங்காட்டியைப் பிடித்தபடி அவர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்க்கவில்லை. "அப்பா காட்டின பாரு இது. கோபுரம் இன்னும் கொஞ்சம் மேற்க வரணும்" என்றார். மகன் எஞ்சினைக் குறைத்தான். கோபுரம் மெல்ல நகர்ந்து முகட்டுக்கு நேராக வந்து நின்றதும், கரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார்.